கேப் யார்க் பழைய தந்திப் பாதை: ஐந்து வண்டிகளுடன் ஜூலைப் பயணம், கருத்துகள் தேவை

நெடுவழி (பிரிஸ்பேன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குயின்ஸ்லாந்துப் பள்ளி விடுமுறை முடிந்த கையோடு, ஜூலை மூன்றாம் வாரத்தில், கேப் யார்க் தீபகற்பத்தின் பழைய தந்திப் பாதையில் ஐந்து வண்டிகளாகச் செல்லலாம் என்று நண்பர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். 1887இல் கட்டி முடிக்கப்பட்ட தந்திக் கம்பியைப் பராமரிப்பதற்காக உருவான தடம் அது. கம்பி போய்விட்டது, இரும்புக் கம்பங்கள் சில மட்டும் காட்டுக்குள் இன்னும் நிற்கின்றன. பிராம்வெல் சந்திப்பிலிருந்து ஜார்டின் ஆறு வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான் என்பதால் மூன்று இரவுகள் போதும் என்று கணக்கிட்டுள்ளோம். முதல் இரவு டல்ஹன்டி ஆற்றங்கரை, இரண்டாம் இரவு எலியட் அருவி முகாம், மூன்றாம் நாள் வடபகுதியை முடித்து நோலன்ஸ் புரூக்கைத் தாண்டி ஜார்டின் ஆற்றுப் படகுத்துறை, அன்றிரவு பமாகா ஊர்.

வண்டிகள்: பிராடோ 150 இரண்டு, ஃபோர்டு ரேஞ்சர் ஒன்று, இசுசு டி-மேக்ஸ் ஒன்று, சுசுகி ஜிம்னி ஒன்று. ரேஞ்சரிலும் ஒரு பிராடோவிலும் ஸ்நோர்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் குழாய்) உண்டு. வின்ச் (வண்டியை இழுத்தெடுக்கும் கயிற்றுருளைக் கருவி) ரேஞ்சரில் மட்டும். பெரியவர்கள் ஒன்பது பேர், பிள்ளைகள் மூவர். டி-மேக்ஸ் நண்பர் சிறிய கேம்ப்பர் டிரெய்லர் ஒன்றையும் இழுத்து வர விரும்புகிறார். இத்திட்டத்தில் இருக்கும் ஓட்டைகளை இப்போதே சொல்லிவிடுங்கள். மூத்தவர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

சேற்றுக்கால் (கெய்ன்ஸ்) எழுதியது:

தம்பி, நல்ல திட்டம், ஆனால் தலைகீழாக இருக்கிறது. நீங்கள் இரவுகளையும் கிலோமீட்டரையும் கணக்கிட்டிருக்கிறீர்கள். அந்தப் பாதையில் முதலில் கணக்கிட வேண்டியது வெளியேறும் வழிகளை. எங்கே நுழைகிறோம், நுழைந்தபின் எந்த இடம் வரை திரும்ப முடியாது, எந்த இடத்தில் எந்த வண்டி ஒதுங்கிக்கொள்ளும் என்பதைத் தாளில் எழுதிய பிறகுதான் முகாம்களைப் பற்றிப் பேச வேண்டும்.

தென்பகுதியில் பாம் ஓடை, டூசி ஓடை, தென் ஆலிஸ், வட ஆலிஸ், டல்ஹன்டி, பெர்ட்டி, கன்ஷாட், காக்கட்டூ, செய்லர் என்று வரிசையாக ஓடைகள் வரும். பாம் ஓடைக்குள் இறங்கியவருக்குப் பெர்ட்டியைத் தாண்டும் வரை ஒழுங்கான விலகுபாதை கிடையாது. பெர்ட்டிக்குச் சற்று அப்பால் கன்ஷாட் பைபாஸ் பிரிகிறது. அதில் சென்றால் ஹீத்லண்ட்ஸ் வழியாக, பழைய பாதையைச் சுற்றிச் செல்லும் பெரிய சாலையை அடையலாம். அடுத்த வாசல் ஃபுரூட் பேட் அருவி அருகில், பழைய பாதை பெரிய சாலையைத் தொடும் இடம். அதற்கு வடக்கே கேனல், சாம், மிஸ்டேக், கேனிபால், சைப்ரஸ், லோகன்ஸ் என்று சென்று நோலன்ஸில் முடியும் பகுதிக்குள் நுழைந்தால், முடிப்பது அல்லது வந்த வழியே திரும்புவது என்ற இரண்டே தெரிவுகள்தான். ஆக, உங்கள் பயணத்தில் உண்மையான முடிவெடுக்கும் இடங்கள் மூன்று: பாம் ஓடையின் மேல் விளிம்பு, பெர்ட்டி, ஃபுரூட் பேட். அந்த மூன்றிலும் யார் முடிவு செய்வது, எதை வைத்து முடிவு செய்வது என்பதை வீட்டிலிருந்தே பேசிவிட்டுக் கிளம்புங்கள். ஓடையின் கரையில் நின்றுகொண்டு, பின்னால் வேறு குழுக்கள் வரிசையில் காத்திருக்க, பத்துப் பேர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது எவருக்கும் நிதானமான முடிவு வராது.

டிரெய்லர் வேண்டாம். அதைப் பற்றி வாதமே தேவையில்லை. பிராம்வெல்லில் விட்டுச் செல்லுங்கள், அல்லது வீட்டிலேயே விடுங்கள்.

வன்னியான் (சிட்னி) எழுதியது:

சேற்றுக்கால் அண்ணை சொன்னதில் எனக்கு உடன்பாடு உண்டு, ஆனால் மாதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மழைக்காலம் ஏறத்தாழ நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அது ஓய்ந்து பாதை திறந்த புதிதில் தண்ணீர் ஆழமாகவும் கரைகள் ஊறிப்போயும் இருக்கும். செப்டம்பர் வாக்கில் ஓடைகள் வற்றிவிடும், ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஏறி இறங்கிய சில்லுத்தடம் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டப்பட்டிருக்கும். ஜூலை இரண்டுக்கும் நடுவில் வருகிறது. ஐந்து வண்டிகளில் மூன்றுக்கு ஸ்நோர்க்கல் இல்லாத குழுவுக்கு நான் ஓகஸ்ட் கடைசியையே சொல்லுவேன். வடக்கே வறண்ட காலத்தில்கூடத் தென்கிழக்குக் காற்றோடு தூறல் விழுவதுண்டு. களிமண் ஏற்றத்துக்கு அந்தத் தூறலே போதும்.

சேற்றைப் பற்றி ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மணலில் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோகிறார்கள். ஃபிரேசர் தீவு மணலில் காற்றை இறக்கிவிட்டு வேகத்தைத் தக்கவைத்துக்கொண்டால் வண்டி மிதந்து போகும். பாம் ஓடையின் வெளியேறும் ஏற்றம் அப்படி அல்ல. அது மஞ்சள் கலந்த களிமண். மேலே ஒரு விரற்கடை வழுக்கும் படலம், அதன் கீழ் கல்லைப் போல் இறுகிய தரை. ரயரின் பற்களுக்குள் களி அடைத்துவிட்டால் அது வெறும் உருளைதான். 18 முதல் 22 பிஎஸ்ஐ அழுத்தம் வரை ரயரின் காற்றை இறக்கி, லோ ரேஞ்சில் (மெதுவாக, வலுவாக ஓடும் கியர் நிலை) இரண்டாவது கியரில், சில்லு சுழலத் தொடங்கும் கணத்திலேயே காலை எடுத்துவிட வேண்டும். சுழலவிட்டால் குழி ஆழமாகும், டிஃப் (அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) தரையில் உட்காரும், பிறகு மண்வெட்டிதான். நெடுஞ்சாலை ரயரோடு வருபவர் எவரானாலும் அவரைப் பெரிய சாலையிலேயே அனுப்புங்கள்.

சேற்றுக்கால் (கெய்ன்ஸ்) எழுதியது:

வன்னியான் சொல்லும் அந்தப் படலம் எங்கிருந்து வருகிறது என்பதையும் குழுவாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஓடைக்குள் இறங்கி எழும் ஒவ்வொரு வண்டியும் சேசிஸிலும் சில்லிலும் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து ஏற்றத்தில் கொட்டுகிறது. முதல் வண்டி ஓரளவு உலர்ந்த தரையில் ஏறும். ஐந்தாவது வண்டி முந்தைய நால்வரும் நனைத்து மெழுகிய தரையில் ஏற வேண்டும். ஆகவே ஐந்து வண்டி என்பது பாதுகாப்பு மட்டுமல்ல, கடைசியில் வருபவருக்குச் சுமையும்கூட. பலவீனமான வண்டியைப் பரிவோடு கடைசியில் வைக்கும் வழக்கம் இங்கே பொருந்தாது. வின்ச் உள்ள வண்டி முதலில் ஏறி, மேலே திரும்பி நின்றுகொள்ள வேண்டும். அடுத்து ஸ்நோர்க்கல் இல்லாத பிராடோவும் ஜிம்னியும். கடைசியில் அனுபவமுள்ள ஓட்டுநரும் நல்ல ரயரும் உள்ள வண்டி.

இதில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது: வின்ச் ஒன்றுதான். அது மேலே போய்விட்டால், இறக்கத்தில் சரிந்து சிக்கியவரைப் பின்னோக்கி இழுக்க எவரும் இல்லை. இரண்டாவது வின்ச் பொருத்துங்கள். முடியாவிட்டால் கையால் இயக்கும் வின்ச்சாவது வாங்கிக்கொள்ளுங்கள். மெதுவானது, முதுகை முறிக்கும், ஆனாலும் வேலை செய்யும். வின்ச்சின் இழுவைத் திறன் முழுச் சுமையோடு கூடிய வண்டி எடையின் ஒன்றரை மடங்கு என்பது பொதுக் கணக்கு. அந்தத் திறனும் உருளையில் அடி அடுக்குக் கயிறு மட்டும் எஞ்சியிருக்கும்போதுதான் முழுமையாகக் கிடைக்கும். மேலே அடுக்குகள் கூடக்கூடக் குறையும். ஒரு கப்பி வைத்திருந்தால் கயிற்றை மடித்து இழுத்து, வேகத்தைப் பாதியாக்கி வலுவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கலாம்.

வின்ச் கயிற்றை மரத்தில் கட்டும்போது அகலமான நாடாப் பட்டை கட்டாயம். பாம் ஓடையின் கரைமேல் நிற்கும் மரங்களைப் போய்ப் பாருங்கள். இடுப்புயரத்தில் மரப்பட்டை உரிந்து, மரக்கட்டை வெளுத்துத் தெரிகிறது. வெறும் கம்பியைச் சுற்றியவர்களின் வேலை. இன்னும் சில ஆண்டுகளில் கட்டுவதற்கு மரமே இருக்காது.

பழையடீசல் (டவுன்ஸ்வில்) எழுதியது:

தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். நிறுவனங்கள் அறிவிக்கும் நீரளவு ரேஞ்சருக்கு 800 மில்லிமீட்டர், பிராடோ 150க்கு 700, ஜிம்னிக்கு 300. இவை நின்ற நீரில் மெதுவாகச் செல்வதற்கான அளவுகள். ஓடும் நீரில், குழியுள்ள தரையில், முன்பக்கம் சரிந்து இறங்கும் கணத்தில் பானெட்டின் மேல் எழும் நீர் இந்தக் கணக்கில் இல்லை. தெளிந்த நீராக, மணல் தரையாக, அழகாகத் தோன்றும் நோலன்ஸ் புரூக்கில் ஆண்டுதோறும் வண்டிகள் மூழ்குகின்றன. ஃபுரூட் பேட்டுக்கும் எலியட்டுக்கும் இடையில் உள்ள ஸ்கிரப்பி ஓடையைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. பருவத்தின் தொடக்கத்தில் அங்கே நீர் பானெட்டைத் தொடும்.

ஓடைக்கு வந்ததும் நேரே இறங்காதீர்கள். சூடான டிஃபும் கியர்பாக்ஸும் குளிர்ந்த நீரில் திடீரென அமிழ்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல்களின் வழியாக நீரை உறிஞ்சும். கால் மணி நேரம் நிற்கட்டும். அதற்குள் ஆழத்தைப் பார்த்துக்கொள்ளலாம். டிஃபுக்குள் காற்று வந்துபோகும் பிரீதர் குழாய்களை எஞ்சின் அறையின் மேல்மட்டம் வரை நீட்டித்திருப்பது ஸ்நோர்க்கல் அளவுக்கு அவசியம், செலவோ மிகக் குறைவு. பானெட்டின் முன்னால் தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு ஒரே சீரான வேகம், முன்னால் ஒரு சிற்றலை எழும் அளவுக்கு. கையால் கியர் மாற்றும் வண்டியானால் நடுநீரில் கிளட்சைத் தொடாதீர்கள். கண்ணாடிகள் இறங்கியே இருக்கட்டும்.

எஞ்சின் நீருக்குள் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த ஒரு திருகலில், காயவைத்துச் சரிசெய்யக்கூடிய வண்டி எஞ்சின் மாற்ற வேண்டிய வண்டியாகிவிடும். முதலில் இழுத்து வெளியே எடுங்கள், காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

குறிஞ்சிக்குருவி (பிரிஸ்பேன்) எழுதியது:

மேலே குறிப்பிட்ட ஜிம்னி என்னுடையது. 300 மில்லிமீட்டர் என்று எண்ணைப் போட்டு என்னை ஒதுக்கிவிடுவது நியாயமாகத் தோன்றவில்லை. அந்தப் பாதையில் ஆண்டுதோறும் எத்தனையோ ஜிம்னிகள் முழுத் தூரமும் செல்கின்றன. ஒரு டன்னுக்குச் சற்று அதிகமான எடைதான்; பிராடோ புதையும் இடத்தில் ஜிம்னி மேலே நடந்துவிடும், சிக்கினாலும் நான்கு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம். இரண்டு அங்குலம் உயர்த்தியிருக்கிறேன், மட் டயர் போட்டிருக்கிறேன், ஸ்நோர்க்கலும் அடுத்த மாதம் வந்துவிடும்.

பழையடீசல் (டவுன்ஸ்வில்) எழுதியது:

தம்பி, சேற்றைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பாம் ஓடையிலும் கன்ஷாட்டிலும் ஜிம்னியைப் பார்த்துப் பெரிய வண்டிக்காரர்கள் பொறாமைப்படுவார்கள். நீரில் அதே இலகு உங்களுக்கு எதிராகத் திரும்பும். கதவு ரப்பர் இறுக்கமாக இருந்தால், நீர் உள்ளே புகுவதற்கு முன்பே வண்டி மிதக்கத் தொடங்கும். மிதந்துவிட்டால் ஸ்டீயரிங்குக்கு வேலை இல்லை, ஓட்டம் இழுக்கும் பக்கம் போகும். ஸ்நோர்க்கல் எஞ்சினைக் காக்கும், திசையைக் காக்காது. அங்கே செல்லும் ஜிம்னிகளில் பல நோலன்ஸில் பின்னால் ஒரு பட்டையும் முன்னால் ஒரு கயிறுமாகத்தான் கடக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தென்பகுதி முழுவதும் வாருங்கள். வடபகுதியை அன்றைய நீர் மட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கயல் (டவுன்ஸ்வில்) எழுதியது:

பிள்ளைகள் மூவர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். அந்தக் கோணத்திலிருந்து சில.

ஓடையைக் கடக்குமுன் நடந்து பார்க்க வேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் விதி. கேப் யார்க் முழுவதும் உவர்நீர் முதலைகள் வாழும் நாடு என்பது அதே அளவுக்கு உறுதியான விதி. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் என்ன செய்வீர்கள்? அடி தெரியும் தெளிந்த, முழங்காலளவு நீரில் ஒருவர் கோலை ஊன்றி நடக்கலாம்; கரையில் இருவர் நின்று நீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், படம் எடுத்துக்கொண்டல்ல. கலங்கிய நீர், ஆழமான மடு, எச்சரிக்கைப் பலகை வைத்த இடம் என்றால் இறங்கவே வேண்டாம்; வேறொரு குழு கடக்கும் வரை காத்திருந்து அவர்களின் சில்லு எங்கே தாழ்கிறது என்று கவனிப்பதே போதும். பிள்ளைகள் எந்தக் கரையிலும் தனியாக நிற்கக் கூடாது, பாத்திரம் கழுவக்கூட. ஃபுரூட் பேட் அருவியிலும் எலியட்டிலும் மக்கள் குளிப்பது வழக்கம். அங்கும் பலகையில் அன்று என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டே இறங்குங்கள். ஜார்டின் ஆற்றில் ஒருபோதும் வேண்டாம்.

காயம் பட்டால் எங்கே செல்வது? மருத்துவமனை தெற்கே வெய்ப்பாவில், வடக்கே பமாகாவில். இடையில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. ஒவ்வொரு வண்டியிலும் இல்லாவிட்டாலும் குழுவுக்குக் குறைந்தது இரண்டு 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவிகள் வேண்டும். அவற்றைக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்து, பயண விவரத்தையும் சேர்த்துவிடுங்கள். அதோடு செய்தி அனுப்பக்கூடிய செயற்கைக்கோள் கருவி ஒன்றும். அவசரக் கருவி ‘உயிர் போகிறது, வாருங்கள்’ என்று மட்டுமே சொல்லும். ‘கால் உடைந்திருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது, பெர்ட்டியின் வடகரையில் இருக்கிறோம்’ என்று சொல்லாது.

என் யோசனை இதுதான். பிள்ளைகளையும் சேற்றில் ஆர்வமில்லாத பெரியவர்களையும் ஸ்நோர்க்கல் இல்லாத பிராடோவில் பெரிய சாலை வழியாக அனுப்பி, எலியட் முகாமில் சந்தியுங்கள். எலியட்டுக்கு ஸ்கிரப்பி ஓடையைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பதால், ஃபுரூட் பேட்டில் சந்தித்து நீரைப் பார்த்த பிறகு சேர்ந்தே உள்ளே செல்லலாம். பிள்ளைகளுக்கும் பாம் ஓடையில் நான்கு மணி நேரம் வெயிலில் நின்று வண்டி இழுப்பதை வேடிக்கை பார்ப்பதைவிட அருவி மகிழ்ச்சியாக இருக்கும்.

வன்னியான் (சிட்னி) எழுதியது:

கயல் தங்கச்சியின் யோசனை நல்லது, இருந்தாலும் குழுவைப் பிரிப்பதில் ஒரு பழைய பாடம் உண்டு. 1848இல் எட்மண்ட் கென்னடி என்ற ஆய்வுப் பயணி பன்னிரண்டு பேரோடு இதே தீபகற்பத்தில் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். குதிரை வண்டி ஓடும் என்று நம்பிக் கொண்டுவந்த வண்டிகளைக் கைவிட நேர்ந்தது. உணவு குறையக் குறைய ஆட்களை வழியில் விட்டுவிட்டு முன்னேறினார். வேமத் குடாவில் விடப்பட்ட எட்டுப் பேரில் இருவரே மிஞ்சினர். கென்னடி கடைசியில் முனைக்கு அருகே கொல்லப்பட்டார். அவருடன் சென்ற பழங்குடி இளைஞர் ஜாக்கி ஜாக்கிதான் கப்பலை அடைந்து செய்தி சொன்னார். உங்கள் பயணம் அந்த அளவுக்குப் போகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பிரிந்த இரு பகுதிகளில் ஒன்று குறித்த நேரத்தில் வராவிட்டால் மற்றது என்ன செய்யும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேடிக்கொண்டு பாதைக்குள் நுழைவதா, ஓர் இரவு காத்திருப்பதா? நான் காத்திருக்கச் சொல்வேன். சேற்றுப் பாதையில் அரை நாள் தாமதம் சாதாரணம். தனி வண்டியாக உள்ளே வருபவர் இரண்டாவது சிக்கலாகிவிடுவார்.

வானொலிக்கு ஓர் அலைவரிசையை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். பெரிய சாலையில் 40ஐயும் கேட்டுக்கொண்டே போக வேண்டும், லொறிகள் அதில்தான் பேசும். 5ஆம் அலைவரிசை அவசரத்துக்கு மட்டும்.

முல்லைவேலி (பிரிஸ்பேன்) எழுதியது:

ஏட்டு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலியட், கேனல் ஓடை, சாம் ஓடை முகாம்களுக்கு முன்பதிவு கட்டாயம். அங்கே அலை கிடைக்காது என்பதால் ஊரிலிருந்தே செய்துவிடுங்கள். ஃபுரூட் பேட்டில் இரவு தங்க முடியாது. அந்தக் காடு 2022இல் மரபுவழி உரிமையாளர்களான பழங்குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டு, இப்போது அபுத்தாமா தேசியப் பூங்கா என்று பெயர் பெற்றிருக்கிறது. பழைய வரைபடங்களில் ஜார்டின் ஆற்றுப் பூங்கா என்றிருக்கும். நாய்களுக்கு அனுமதி இல்லை. படகுக்கு அப்பால் உள்ள பழங்குடிச் சமூகப் பகுதியில் மது எவ்வளவு கொண்டுசெல்லலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு. படகு பகலில் மட்டுமே ஓடும்.

காப்பீட்டைச் சற்று விரிவாகப் பேச வேண்டும். என் உறவினர் ஒருவரின் வண்டி ஓடையில் மூழ்கியபோது, ‘அறிந்தே நீருக்குள் ஓட்டியது’ என்ற காரணத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்துவிட்டது. ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்ததா என்றால் இருந்தது, சிறிய எழுத்தில். அடையாளமிடப்பட்ட சாலைக்கு வெளியே, நீர்க்கடவையில், மீட்பு இழுவையின்போது நேரும் சேதம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வழக்கமான சாலை உதவித் திட்டம் பாம் ஓடைக்கு ஆளை அனுப்பும் என்று எண்ண வேண்டாம்.

சேற்றுக்கால் (கெய்ன்ஸ்) எழுதியது:

மீட்பு இழுவை என்றதும் நினைவுக்கு வருகிறது. பின்னால் டிரெய்லர் கொளுவும் உருண்டையில் பட்டையை மாட்டி இழுக்காதீர்கள். அந்த உருண்டை முறிந்து, பட்டையின் இழுவிசையோடு பறந்து சென்று கண்ணாடியைத் துளைத்து உயிர்கள் போயிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இது பலமுறை நடந்த விபத்து. கொளுவியின் சதுரக் குழாய்க்குள் பொருந்தும் மீட்புக் கட்டையைப் பயன்படுத்துங்கள், முன்புறம் சான்றளித்த கொக்கி பொருத்துங்கள். வண்டியோடு வந்த முன்வளையம் கப்பலில் கட்டி அனுப்புவதற்கானது, இழுப்பதற்கல்ல. பட்டையின் நடுவில் கனமான போர்வையைப் போடுங்கள். இழுக்கும்போது இரு ஓட்டுநர்களையும் கைகாட்டும் ஒருவரையும் தவிர எல்லாரும் பட்டையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்கட்டும்.

சேற்றில் புதைந்த வண்டியைப் பட்டையால் வெடுக்கென்று இழுப்பதற்கு முன் மண்வெட்டியை எடுங்கள். நான்கு சில்லுகளுக்கு முன்னும் அடிப்பகுதிக்குக் கீழும் களியை வாரியெடுத்து, காற்று புகும்படி செய்து, ஏணித்தகடுகளை வைத்தால் பாதி நேரம் தானாகவே ஏறிவிடும். தோண்டாமல் இழுத்தால் களியின் உறிஞ்சலும் வண்டியின் எடையும் சேர்ந்து கொக்கியின் மேல் விழும். இளைஞர்களுக்குத் தோண்டுவது அலுப்பு. பட்டை வீரம் போலத் தெரிகிறது.

நெடுவழி (பிரிஸ்பேன்) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு நண்பர்களுடன் பேசினோம். டிரெய்லர் இல்லை. புறப்பாட்டை ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குத் தள்ளியிருக்கிறோம். மூன்று இரவுகளை ஐந்தாக்கிவிட்டோம். டல்ஹன்டியிலும் எலியட்டிலும் ஒவ்வொரு நாள் கூடுதல். ஸ்நோர்க்கல் இல்லாத பிராடோ பிள்ளைகளுடன் பெரிய சாலையில் சென்று ஃபுரூட் பேட்டில் பகலில் காத்திருக்கும்; குறித்த நாளுக்கு மறுநாள் மாலைக்குள் நாங்கள் வராவிட்டால் செயற்கைக்கோள் செய்தி, அதற்கும் பதில் இல்லாவிட்டால் ஹீத்லண்ட்ஸ் வனக் காவலர்களிடம் சொல்வது என்று முடிவு. டி-மேக்ஸ் நண்பர் டிரெய்லருக்கு ஒதுக்கிய பணத்தில் வின்ச் பொருத்துகிறார்.

முடிவெடுக்கும் மூன்று இடங்களிலும் வாக்கெடுப்பு இல்லை. எந்த ஓட்டுநராவது ஒருவர் வேண்டாம் என்றால் அந்த வண்டி விலகும், காரணம் கேட்கப்படாது. ஆனால் தனியாக விலகக் கூடாது, துணைக்கு இன்னொரு வண்டி செல்லும். யார் துணை என்பதையும் முன்பே இணைத்துவிட்டோம்.

ஒன்றில் மட்டும் கருத்து வேறுபாடு தீரவில்லை. கன்ஷாட்டில் அந்தச் செங்குத்தான களிமண் இறக்கத்தில் ரேஞ்சரை இறக்கியே தீருவேன் என்கிறார் நண்பர்.

வன்னியான் (சிட்னி) எழுதியது:

கன்ஷாட்டில் பல இறக்கங்கள் இருக்கின்றன. நடந்துபோய் எல்லாவற்றையும் பார்க்கட்டும். மிக இலகுவானதிலேயே அவருக்குப் போதுமான சுவாரசியம் கிடைக்கும். செங்குத்தானதில் முன்பம்பர் தரையில் குத்தி நிற்கும், பின்சில்லுகள் வானத்தைப் பார்க்கும், வின்ச் இருக்கும் முன்பக்கமே சேற்றுக்குள் போய்விடும். குழுவின் முதன்மை வின்ச் அந்த வண்டியில் இருப்பதால் அது அவருடைய தனிப்பட்ட ஆசை மட்டுமல்ல என்று எடுத்துச் சொல்லுங்கள். அப்படியும் கேட்காவிட்டால், வடபகுதியையும் முடித்த பிறகு, திரும்பும் வழியில் வந்து இறக்கட்டும்.

குறிஞ்சிக்குருவி (பிரிஸ்பேன்) எழுதியது:

தென்பகுதி முழுவதும் ஜிம்னியில் வருகிறேன். ஃபுரூட் பேட்டில் வண்டியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் செல்லும் பிராடோவுடன் பெரிய சாலையில் படகுத்துறைக்கு அனுப்புவதாக இப்போதைக்கு எண்ணம். நோலன்ஸுக்கு நான் டி-மேக்ஸில் ஏறிக்கொள்வேன், கைகாட்டவும் தோண்டவும் ஆள் வேண்டுமல்லவா. நீர் மிகக் குறைவாக இருந்தால் மறுபடி பேசலாம், பழையடீசல் அண்ணா.

இன்னொரு கேள்வி: ஓடைகளைக் கடந்த பிறகு டிஃப் எண்ணெயைப் பமாகாவில் மாற்றினால் போதுமா, எலியட்டிலேயே பார்க்க வேண்டுமா?

பழையடீசல் (டவுன்ஸ்வில்) எழுதியது:

எலியட்டிலேயே பாருங்கள். முதலில் மேல் திருகைக் கழற்றி, திறக்கும் என்று உறுதி செய்துகொண்ட பிறகே கீழ்த் திருகைத் தொடுங்கள். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் நிற்பவர்கள் உண்டு. இரவு முழுவதும் வண்டி நின்ற பிறகு, காலையில் கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தி முதலில் வரும் சில துளிகளை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். நீர் அடியில் தங்கும் என்பதால் அதுவே முதலில் வரும். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தால் இறுக்கிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். பால் கலந்ததைப் போல் வெளுத்திருந்தால் அங்கேயே வடித்து மாற்ற வேண்டும். அந்த எண்ணெயோடு தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் பேரிங் போய்விடும். வடித்ததைக் கேனில் அடைத்துப் பமாகாவுக்குக் கொண்டுபோங்கள், மண்ணில் ஊற்றாதீர்கள். ஒரு வண்டிக்கு இரு டிஃபுக்கும் ஆகும் எண்ணெய், திருகு வளையங்கள், ஏற்றுவதற்கு ஒரு கைப்பம்பு ஆகியவற்றைக் கெய்ன்ஸிலேயே வாங்கிவிடுங்கள். ஜிம்னியின் திருகுக்கும் பிராடோவின் திருகுக்கும் சாவி வேறு. புறப்படும் முன் வீட்டில் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.